கழுத்து வளையாத ஸ்பூன்

முதலில் விழுந்தது ரசச் சோறு. பிசைந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் பாதி விரல்களுக்கிடையே நழுவி வேட்டியில் விழுந்தது. ரசச் சோறு விழுவது பெரிய விஷயமில்லை என்று துடைத்துக்கொண்டேன். மறுநாள் கெட்டியாகப் பிசைந்த சாம்பார்ச் சோறும் விழுந்தது. அப்போதிலிருந்துதான் பயம்.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர், வாய்க்குப் போகவேண்டிய சோற்றை மடியில் போட்டுக்கொண்டார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு கை மெலிந்தது, கால் தளர்ந்தது, பேச்சுக் குழறியது. நரம்பு வியாதி, இதற்கு மருந்து கிடையாது என்று புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடைசி மாதங்களில் அண்ணிதான் சோற்றைக் குழைய மசித்து ஸ்பூனால் ஊட்டினார். அந்த ஸ்பூன் தகடு போல மெல்லியது. கொஞ்சம் கெட்டியாக அள்ளினாலும் கழுத்தில் வளைந்துகொள்ளும். அண்ணி அதை விரலால் நிமிர்த்துவார். அடுத்த வாய்க்கு மறுபடி வளையும், மறுபடி நிமிர்த்துவார். அதுவரை அண்ணன் வாயைத் திறந்தபடியே காத்திருப்பார். நான் பார்க்காதது போல வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன்.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே இருக்கிறது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, இரண்டு கறவை மாடு. இத்தனை வருஷமாகப் பால் கறப்பது நான்தான். சோறு விழுந்த பிறகு கறக்கும்போதும் கவனித்தேன். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சீக்கிரம் களைத்துவிடுகின்றன. கட்டைவிரலின் அடியில் புடைத்திருக்க வேண்டிய சதை வலது கையில் குழிந்திருந்தது. அண்ணனின் கையில் அந்த இடம்தான் முதலில் குழிந்தது. மாட்டுக்கொட்டகையில் யாரும் இல்லாதபோது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். இடது கை என்னுடையது போலவும் வலது கை அண்ணனுடையது போலவும் இருக்கும்.

மனைவியிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ள அண்ணிக்குக் கூடமாட உதவியவள் அவள். என் கையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். கிருமாம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரம்.

அதனால் சாப்பாட்டை மறைக்கத் தொடங்கினேன். கஞ்சி போதும், குடித்துக்கொள்கிறேன் என்றேன். மோரை நிறைய ஊற்றிக் கரைத்துச் சொம்போடு குடித்தேன். இடது கையால் சாப்பிடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஏன் இப்படி என்று அவள் கேட்டபோது பல் வலி என்றேன். நம்பிவிட்டாள். தினமும் இரண்டு கிராம்பு எடுத்துவந்து கொடுத்து, கடித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். வலிக்காத பல்லில் கிராம்பைக் கடித்துக்கொண்டு எத்தனையோ நாள் வயலுக்குப் போயிருக்கிறேன்.

ஸ்பூன் யோசனை வந்தது பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது. அங்கே சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு ஸ்பூனும் முள்கரண்டியும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஃபிரைட் ரைஸை ஸ்பூனாலேயே சாப்பிட்டார். யாரும் அவரை உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒருவன் ஸ்பூனை எடுத்தால் நோயாளி. ஆறு பேருக்கான செட்டாக வாங்கி மேசைமேல் வைத்துவிட்டால் அது நாகரிகம். என் கை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்றும் நினைத்தேன். அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் என்றால், ஒருநாள் அந்த ஸ்பூனை என் மனைவி பிடிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அது கழுத்து வளையாத ஸ்பூனாக இருக்க வேண்டும்.

வில்லியனூர்ப் பாத்திரக் கடையில் எங்களைத் தெரியும். பெண் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எல்லாம் அங்கேதான் எடுத்தோம். அதனால் அந்தக் கடையைத் தாண்டி, விழுப்புரம் பஸ் ஏறி மதகடிப்பட்டுக்குப் போனேன். சந்தை நாள் என்பதை மறந்துவிட்டேன். இறங்கியதும் கன்றுக்குட்டி விற்க வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டு எங்கே வந்தாய் என்றார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்க என்றேன். அவரே நல்ல கயிறாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன்.

எனக்குக் கடையில் பேச வராது. சட்டை அளவு தப்பாக இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லாமல் போட்டுக்கொள்கிறவன் நான். நல்ல பருமனான கடைக்காரர், என் வயதுதான் இருக்கும். ஸ்பூன் என்றதும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஒரு கட்டு ஸ்பூனை எடுத்துப் போட்டார். ஒன்றை உருவி, கழுத்தில் இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வளைந்தது. இன்னொரு ரகம் கொடுத்தார். அதுவும் கொஞ்சம் அழுத்தினதும் வளைந்தது. மூன்றாவதையும் நான் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அண்ணே, சாப்புடறதுக்கு வாங்குறியா, மல்லுக்கட்டறதுக்கு வாங்குறியா?" என்றார்.

பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். நான் கெட்டியாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே ஆறு ஸ்பூன், ஆறு முள்கரண்டி, ஆறு கத்தி, ஆறு டீ ஸ்பூன். ஸ்பூனைக் கையில் வாங்கியதும் வேறு சாமான் என்று தெரிந்தது. வாய்ப் பக்கமும் பிடியும் ஒரே மாதிரிக் கனம். கழுத்து மற்ற இடங்களைவிடத் தடிப்பாக இருந்தது. என் பலம் முழுவதும் கொடுத்து அழுத்தியும் அசையவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், உதட்டை அறுக்காது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை வைத்திருந்தார். அதை ஸ்பூனில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. கத்தியில் மட்டும் ஒட்டியது. கூர் வேண்டும் என்பதற்காகக் கத்திக்கு வேறு இரும்பு போடுவார்களாம். எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்குக் கறை பிடிக்குமா என்று கேட்டேன். கழுவி ஈரத்தோடு போடாமல் துடைத்து வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும் என்றார்.

வெளிச்சத்தில் பார்ப்பது போல வாசல் பக்கம் திரும்பி நின்று, ஸ்பூனை வலது கைக்கு மாற்றினேன். அதற்குத்தான் வந்திருந்தேன். அகலமான பிடி. விரல்களை மடக்கிப் பிடித்தபோது நின்றது. வெறும் ஸ்பூனை வாய் உயரத்துக்குத் தூக்கி இறக்கினேன். விழவில்லை. அந்தத் தைரியத்தில் முள்கரண்டியை எடுத்தேன். அது எந்த நொடியில் கையை விட்டுப் போனது என்று தெரியவில்லை. தரையில் விழுந்த சத்தம் கடை முழுவதும் கேட்டது.

"வுழுந்தா ஒண்ணும் ஆவாதுண்ணே, கெட்டிச் சரக்கு" என்றார் கடைக்காரர். நான் வேண்டுமென்றே போட்டுப் பார்த்ததாக நினைத்துக்கொண்டார்.

பணம் கொடுத்ததும், பேர் என்ன போட வேண்டும் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. விசேஷத்துக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே. நான் இதை யோசித்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வரவில்லை. என் பேரைச் சொல்ல வாய் திறந்தபோது அண்ணனின் டம்ளர் நினைவுக்கு வந்தது. அவர் பேர் வெட்டிய டம்ளர் அது. அவர் போன பிறகு அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, தூக்கிப் போடவும் இல்லை. அண்ணி வீட்டு அலமாரியில் கவிழ்த்தே கிடக்கிறது. ஸ்பூனில் என் பேரா? மனைவியின் பேரைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணிக்கா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா" என்று சிரித்துவிட்டு மெஷினை எடுத்தார். ஒவ்வொரு பிடியிலும் சின்னச் சின்னப் புள்ளியாகக் கொத்தி எழுத்தாக்கினார். முதல் ஸ்பூன் முடிந்ததும் என்னிடம் நீட்டினார்.

"தடவிப் பாருண்ணே. எழுத்து முள்ளு மாதிரி நிக்கும்."

வலது கட்டைவிரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தடவுவது போல வழவழவென்று இருந்தது. இன்னும் வெட்டவில்லையோ என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. மறுபடி தடவினேன், ஒன்றும் இல்லை. இடது கட்டைவிரலால் தடவினேன். எழுத்து விரலைக் கீறியது.

பலம்தான் குறைகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். தூக்கத்தில் கை மரத்துப்போய் விழிப்பேன். கையைத் தலைக்கு வைத்துப் படுத்ததால் என்று சமாதானம் செய்துகொள்வேன். இப்போது பட்டப்பகலில், கடை வாசலில், என் விரல் பாதி செத்துப்போயிருப்பது தெரிந்தது. கடைக்காரர் எப்படி இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது போலக் கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் வேறொன்று நடந்தது. மனைவி பெட்டியைத் திறந்தாள். ஸ்பூனைத் திருப்பினாள். தன் பேரைப் பார்த்தாள்.

"எனக்கா?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்காமல் நான் வாங்கி வந்த முதல் சாமான் அது. என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்து, திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். நல்ல நாள் பெரிய நாளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். புது எவர்சில்வரை எங்கள் வீடுகளில் யார் புழங்குவார்கள்? இது தெரிந்திருக்க வேண்டியவன் நான். பயத்தில் மறந்திருந்தேன்.

தினமும் சாப்பிட வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நாம துன்றதுக்கு இன்னாத்துக்குங்க அது? நமக்குக் கையில்லியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் மோர்ச் சொம்புக்கும் கிராம்புக்கும் திரும்பினேன். இந்த நாட்களில் பயம் ஒரு வேலை போல ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் கையை மடக்கிப் பார்ப்பேன். பேச்சுக் குழறுகிறதா என்று மாட்டிடம் பேசிப் பார்ப்பேன். வரப்பில் கால் தடுக்கினால் அங்கேயே நின்றுவிடுவேன்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கச் சம்பந்தியும் அவர் மனைவியும் கிருமாம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை. கோழிக் குழம்பு கொதிக்கும்போதே மனைவி பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு வாங்கி, துணி மடித்துப் போடவே பயன்பட்ட மேசையைத் துடைத்து இலை போட்டாள். ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஸ்பூன், முள், கத்தி என்று வரிசையாக வைத்தாள். இலைக்குப் பக்கத்தில் கத்தி வைக்கும் வழக்கம் எங்குமில்லை. ஆனால் அவளுக்கு அவற்றைக் காட்ட வேண்டும்.

சம்பந்தி சத்தமாகப் பேசுகிறவர். உட்கார்ந்ததும் கத்தியை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, ஆபரேசன் தியேட்டர் மாதிரி வெச்சிக்கிறீங்க. சோறு போடுவீங்களா, மயக்க மருந்து குடுப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஸ்பூனில் இருந்த பேரைப் படித்து, சம்பந்தியம்மா பேராச்சே என்று என்னைக் கேலி செய்தார். மனைவிக்கு முகம் சிவந்தது. பிறகு அவரும் அவர் மனைவியும் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பல் வலி என்று ஒதுங்க முடியாது. சம்பந்தியோடு உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் அவமரியாதை. இலையில் சோறும் குழம்பும் விழுந்தன. பிசைந்தேன். முதல் வாய் எப்படியோ போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வாயில் கறித்துண்டு நழுவி மேசையில் விழுந்து உருண்டது. சம்பந்தி நாள் நட்சத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. மூன்றாவதை எடுக்கவே முடியவில்லை. விரல்கள் சோற்றுக்குள் கிடந்தன, சோற்றின் சூடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் அண்ணனின் மடியில் விழுந்த சோறும் நாங்கள் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. கையை உதறிவிட்டு ஸ்பூனை எடுத்தேன்.

"அப்புடிப் போடு. வாங்கனவரே தொடங்கிட்டாரு" என்றார் சம்பந்தி.

மனைவி குழம்புக் கரண்டியோடு எனக்கு எதிரே நின்றிருந்தாள். அவள் ஸ்பூனைப் பார்க்கவில்லை. நான் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். கொத்தனார் கரண்டியைப் பிடிப்பது போல முழுக் கையாலும் பிடித்திருந்தேன். அண்ணன் தானே சாப்பிட முயன்ற காலத்தில் அப்படித்தான் பிடிப்பார். அவள் முகத்திலிருந்த சிவப்பு போய்விட்டது. என் இலைக்கு வந்து, கறியை எலும்பில்லாமல் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்துவிட்டு, சம்பந்தியம்மாவுக்கு ரசம் ஊற்றப் போனாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது மேசை அப்படியே கிடந்தது. மனைவி என் வலது கையை இழுத்துத் திருப்பி, கட்டைவிரலின் அடியில் அழுத்திப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

கொஞ்ச நாளாக என்றேன்.

"பல்லு வலின்னு சொன்னியே. கிராம்பு குடுத்தனே." கோபம் வந்தால்தான் என்னை நீ என்பாள். "இது எனக்கு வாங்கல. உனக்கு வாங்கிக்கின. உன் பேரையே போட்டுக்க வேண்டியதுதான?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. ஆனால் பிடியை இறுக்கினாள். அது என் உள்ளங்கையில் தெரிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன அதே கட்டடம், அதே நீளமான பெஞ்சு. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று சுவர் ஓரமாக நின்றேன். கூப்பிட்டபோது மனைவிதான் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் இளம் பெண். நான் பேச முடியாமல் தடுமாறியதால் அண்ணன் கதையை மனைவி சொன்னாள். டாக்டர் ஊசி முனையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, குத்துகிறதா என்று கேட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் துணி வழியாகத் தொடுவது போல இருந்தது. சுண்டு விரலில் சுருக்கென்றது. ஸ்பூனில் வெட்டிய எழுத்துக்கூடத் தெரியவில்லை என்று சொன்னேன். என் கணக்கில் அதுதான் ஆகக் கெட்ட சேதி. டாக்டர் நிமிர்ந்து, உங்கள் அண்ணனுக்கும் இப்படி மரத்துப்போனதா என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மனைவி உடனே சொன்னாள்.

"இல்ல டாக்டர். அவருக்குக் கடைசி வரைக்கும் எல்லாம் தெரியும். கொசு கடிச்சாக்கூடக் கூப்புடுவாரு. ஓட்டத்தான் முடியாது."

டாக்டர் என் மணிக்கட்டில் விரலால் தட்டினார். விரல் நுனிவரை கரண்ட் பாய்ந்தது. என்ன வேலை என்று கேட்டார். பால் கறப்பதைச் சொன்னேன். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கும் போலத் தெரிகிறது, அண்ணனுக்கு வந்தது என்றால் இப்படி மரக்காது, டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் டெஸ்ட். அது முடிந்து முடிவு வரும்வரை நான் எதையும் நம்பவில்லை. முடிவு வந்து, அவர் சொன்னதுதான் என்று தெரிந்த பிறகும் முழுதாக நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு மாற்றிச் சொல்கிறாரோ என்று தோன்றியது. மனைவி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் முந்தானையை விலக்கவில்லை.

மணிக்கட்டில் சின்ன ஆபரேசன் செய்தார்கள். சம்பந்தி பார்க்க வந்தபோது அவர் சொன்ன ஆபரேசன் தியேட்டர் கேலி அவருக்கே நினைவுக்கு வந்து, ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது பால் கறப்பது மனைவி. குழிந்த சதை நிரம்ப நாளாகும், உணர்ச்சி முழுவதும் வருமா என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். தூக்கத்தில் மரப்பது நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை. வரப்பில் கால் தடுக்கினால் இப்போதும் ஒரு நொடி நின்றுதான் நடக்கிறேன்.

ஒரே ஒரு ஸ்பூனை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, செட்டை மனைவி மறுபடி பீரோவில் பூட்டிவிட்டாள். நான் அந்த ஸ்பூனால் சாப்பிடுகிறேன். கழுத்து வளையவில்லை. சாப்பிட்டதும் நானே கழுவித் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு வலது கட்டைவிரலால் எழுத்தைத் தடவிப் பார்ப்பேன். கண் திறந்திருந்தால் எழுத்தைப் படித்துவிட்டு, விரலுக்குத் தெரிந்ததாக மனது பொய் சொல்லும். பல நாள் கண்ணாடியாகவே இருந்தது. நேற்று முதல் எழுத்தின் சுழியில் என்னவோ சொரசொரத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை கண்ணை மூடியபடி நிற்கும்போது, பால் சொம்போடு உள்ளே வந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னா, பேரு தெரிதா?"

"மொதல் எழுத்து தெரியற மாதிரி இருக்குது" என்றேன்.

"மீதியும் தெரிட்டும். அப்பறம் அதையும் பீரோல வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது எழுத்துக்கு விரலை நகர்த்தினேன்.